சப்தர்ஜங் சாலை, 1ஆம் எண் வீடு

டெல்லியில் ஒரே ஒரு காலைப்பொழுதுதான் மிச்சம் என்றால் இந்திரா காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். லோக் கல்யாண் மார்க் மெட்ரோவில் இறங்க வேண்டும், கட்டணம் கிடையாது, திங்கட்கிழமை விடுமுறை. திறக்கும் நேரத்துக்கே போவது நல்லது, ஏனென்றால் நாங்கள் போன அன்று கொஞ்ச நேரத்திலேயே கூட்டம் சேர்ந்து, எதையும் நின்று பார்க்க விடாமல் பின்னால் இருந்தவர்கள் நெருக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பிரதமர் வீடு என்றதும் அரண்மனை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். சாதாரண வெள்ளைப் பங்களாதான். படிக்கும் அறை, சாப்பாட்டு அறை, பூஜை அறை எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். 1977இல் ரேபரேலியில் தோற்று இந்த வீட்டைக் காலி செய்தவர், 1978 நவம்பரில் சிக்மகளூரில் ஜெயித்து எம்.பி. ஆனார். அடுத்த மாதமே அந்தப் பதவி பறிபோய் திகார் சிறை. 1980இல் மறுபடி இதே வீடு! இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்த அறைகள் வேறு மாதிரி தெரியும்.

என்னை நகர விடாதது ராஜீவ் பகுதி. விமானம் ஓட்டிக்கொண்டு அரசியல் பக்கமே வராமல் இருந்தவர். 1980 ஜூனில் அமேதி எம்.பி.யாக இருந்த தம்பி சஞ்சய் விமான விபத்தில் இறந்துபோக, அடுத்த வருடம் அதே தொகுதி இடைத்தேர்தலில் இவர் நின்றார். மூன்றே வருடத்தில் அம்மாவும் போய், பிரதமர் நாற்காலி. வாரிசு அரசியல் எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஆனாலும் 1991 மே 21 அன்று அவர் போட்டிருந்த உடையில் மிஞ்சிய துணியையும் ஷூவையும் பார்த்தபோது பேச்சே வரவில்லை. காஞ்சிபுரம் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் ஸ்ரீபெரும்புதூர் நினைவிடத்தைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன், ஒருமுறைகூட இறங்கியதில்லை. அந்த ஊரின் இரவு டெல்லியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அம்மா கடைசியாகக் கட்டியிருந்த புடவையும் அவருடைய பையும் செருப்பும் இதே வீட்டில்தான்.

அப்புறம் தோட்டம். 1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா நடந்து வந்த பாதையைப் பளிங்கு போன்ற கண்ணாடியால் மூடியிருக்கிறார்கள், அவர் விழுந்த இடம் மட்டும் தனியாகத் தெரிகிறது. அதுவரை சத்தமாகப் பேசிக்கொண்டு வந்த கூட்டம் அங்கே தானாக அடங்கியது.

இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். சின்னப் பிள்ளைகளோடு போனால் அந்த உடைகள் இருக்கும் பகுதியைப் பெரியவர்கள் மாற்றி மாற்றிப் போய்ப் பாருங்கள், அதுவரை பிள்ளைகள் தோட்டத்தில் இருக்கட்டும்.