திருகோணமலை உப்புக்காற்றில் ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர்: நீண்டநாள் பாவனை அனுபவம்

எங்கள் வீட்டில் ஸ்பீக்கர் பாடுவதைவிடப் பேசுவதுதான் அதிகம். விடிய அம்மாவுக்குத் தேவாரம், பிறகு செய்தி, மேட்ச் இருந்தால் அப்பாவுக்கு வர்ணனை, பின்னேரம் மகளுக்கு யூடியூப்பில் கணக்குப் பாடம், இரவில் கனடாவிலிருந்து பெரியம்மாவின் வாட்ஸ்அப் கோல். பாட்டு இதற்கிடையில் குசினியில் ஓடும். அதனால் ஸ்பீக்கர் வாங்கப் போனபோது நான் பார்க்க நினைத்தது ஒன்றைத்தான்: பேச்சு தெளிவாகக் கேட்குமா?

இதைக் கடையிலேயே சோதிப்பது லேசு, ஆனால் யாரும் செய்வதில்லை. கடைக்காரத் தம்பி பேஸ் (அடித்தொனி) அதிரும் பாட்டொன்றைப் போட்டு, ஸ்பீக்கரைக் கண்ணாடி அலுமாரிக்கு மேல் சுவரோடு சேர்த்து வைப்பார். சின்னக் கடை, பின்னால் சுவர், கீழே அதிரும் கண்ணாடி. மூன்றும் சேர்ந்து பேஸைப் பெருப்பித்துக் காட்டும். அதே ஸ்பீக்கரை உப்புவெளிக் கடற்கரை மணலில் வைத்துப் பாருங்கள், அந்த பேஸ் எங்கே போனதென்றே தெரியாது. சத்தத்தைத் திருப்பித் தர அங்கே சுவர் ஏது? "தம்பி, பாட்டை நிப்பாட்டிப்போட்டு ஒரு செய்தியைப் போடுங்கோ" என்றேன். "அண்ணா, செய்தி கேக்கவா ஸ்பீக்கர்?" என்று சிரித்தபடி போட்டார். விலை கூடிய ஒன்றில், வாசிப்பவர் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு வாசிப்பதுபோல் இருந்தது. அதைவிட மலிவான, பார்வைக்கு ஒன்றுமில்லாத ஒன்றில் ஊர்ப் பெயர், தொகை, லகர ளகரம் எல்லாம் பிரிந்து கேட்டன. அதையே எடுத்தேன்.

என்ன கம்பனி என்று சொல்லப்போவதில்லை. நல்லதும் கெட்டதும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதோடு இந்த விலையில் கிடைக்கும் நாலைந்து கம்பனிச் சாமான்களும் கிட்டத்தட்ட இதே மாதிரித்தான். 2022இல் ரூபாய் சரிந்த பிறகு இறக்குமதிச் சாமான் எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. 15,000 ரூபாய்க்குள் முடித்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. கிடைத்தது 10 வாட், ஐபி67 (தூசியும் நீரும் தாங்கும் தரம்), டைப்-சி சார்ஜிங், உள்ளே சத்தம் எழுப்பும் டிரைவர் ஒரே ஒன்று, இரண்டு பக்கமும் பேஸ் ரேடியேட்டர். இந்த ரேடியேட்டர் என்பது வயர் எதுவும் போகாத ஒரு ரப்பர்த் தகடு. டிரைவர் அசையும்போது பெட்டிக்குள் காற்றழுத்தம் மாற, அதற்கேற்ப இதுவும் உள்ளேயும் வெளியேயும் அசைந்து பேஸைத் தூக்கிக் கொடுக்கும். அதை மெத்தையில் அமுக்கி வைத்தால் பாதி வேலை நின்றுவிடும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

வாட் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியில் "1000 வாட் பிஎம்பிஓ" என்று போட்டிருந்தால், அது கண நேர உச்சம் என்று சொல்லும் விளம்பரக் கணக்கு; அந்த எண்ணுக்கு ஒரு மரியாதையும் கொடுக்கத் தேவையில்லை. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், எவ்வளவு என்று கேளுங்கள். அதிலும் 10 வாட்டுக்குப் பதில் 20 வாட் எடுத்தால் சத்தம் இரண்டு மடங்காகும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். நடுத்தர அளவு அறைக்கு 10 வாட் தாராளம். முற்றத்தில் பத்துப் பேர் கூடினால் காணாது. அந்த வேலைக்குப் பெரிய பெட்டி வாடகைக்கு எடுப்பதுதான் புத்தி.

இனி உப்பு. கடற்கரைக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இதுதான் பெரிய விஷயம். ஆடி மாதக் கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து வீசும், புழுதியைக் கொட்டும். மாரியில் வாடைக்காற்று உப்பைக் கொண்டுவரும். ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிற வேகத்தைப் பார்த்தாலே தெரியும், எலக்ட்ரானிக் சாமானுக்கு இங்கே ஆயுசு ஏன் குறைவென்று. ஐபி67இல் 6 என்பது தூசி உள்ளே போகாது என்பதற்கு. 7 என்பது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும் என்பதற்கு. ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது; கடல் நீரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் எக்ஸ் இருக்கும் இடத்தில் தூசிக்கான தரம் குறிப்பிடப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிலாவெளி மணலுக்குக் கொண்டுபோகிறவர்கள் இந்த ஒரு எழுத்தைக் கவனித்தே ஆக வேண்டும்.

கடற்கரைக்குப் போய்வந்தால் செய்ய வேண்டியதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். சார்ஜ் ஓட்டையின் ரப்பர் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் ஒருதரம் அமுக்கிப் பார்ப்பேன். பிறகு ஒரு குவளை நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுவேன். பைப்பை வேகமாகத் திறந்து பீச்சக்கூடாது. நீரில் மூழ்கினால் தாங்கும் என்ற தரம் பீச்சும் நீருக்கும் தாங்கும் என்ற உத்தரவாதம் அல்ல. துணியில் குப்புறத் தட்டி நிழலில் வைத்தால், வலைக்குள் நிற்கும் தண்ணீர் வடிய நேரம் எடுக்கும். அதுவரை குரல் கரகரவென்றுதான் வரும், பயப்பட வேண்டாம். கழுவாமல் விட்டால் மறுநாள் வலைத்துணியின் ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். மூடியைத் திறந்து சார்ஜ் போடுவதற்கு முன் உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றிலும் முக்கியம். ஈரத்தோடு கரண்ட் பாய்ந்தால் உள்ளே இருக்கும் பின்கள் பச்சைபிடித்துப் போகும். எங்கள் பக்கத்தில் இப்படியான ஸ்பீக்கர்கள் சாவது பெரும்பாலும் இந்த ஓட்டையால்தான், டிரைவரால் அல்ல.

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவுக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம். 2003இலிருந்து அது தேசியப் பூங்கா. பவளப்பாறை பார்க்கப் போகிற இடத்தில் பாட்டு எதற்கு?

பெட்டரி விஷயத்தில் கம்பனிகள் சொல்வது பொய் இல்லை, அரைச் சத்தத்தில் வைத்து அளந்த உண்மை. பெட்டியில் 12 மணித்தியாலம் என்றிருந்தால் வீட்டுச் சத்தத்தில் அதற்குக் கிட்ட வரும். கடற்கரையில் முழுச் சத்தத்தில் வைத்தால் நாலைந்து மணித்தியாலத்தில் சிவப்பு லைட் மின்னும். எங்கள் வெயிலும் பெட்டரிக்கு எதிரி. லித்தியம் பெட்டரி சூட்டில் வேகமாகக் கிழடாகும். மூடிய வாகனத்தின் டேஷ்போர்டில் விட்டுவிட்டுக் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போவது போன்ற காரியங்கள் அதன் ஆயுளை நேரடியாகக் குறைக்கும். நீண்ட நாள் பாவிக்காமல் வைப்பதானால் பாதி சார்ஜில் வைப்பது நல்லது.

பயணத்தில் இன்னொரு வில்லங்கம் கேபிள். டைப்-சி ஓட்டை இருக்கிறதே, எந்த டைப்-சி சார்ஜரும் போதும் என்று நினைப்போம். மலிவான பல சாமான்களில் இரண்டு தலையும் டைப்-சியாக உள்ள கேபிளைச் செருகினால் சார்ஜே ஏறாது. ஓட்டைக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். அவை இல்லாமல் சார்ஜர் கரண்டைத் திறந்துவிடாது. ஒரு பக்கம் பழைய யூஎஸ்பி தலை உள்ள கேபிள் என்றால் ஏறும். கொழும்புக்கு இரவு ரயிலில் போகும் முன் பையில் எந்தக் கேபிள் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் ஸ்பீக்கரை வெளியே எடுக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து சீட்காரருக்கும் ரசனை உண்டு.

மின்வெட்டுக்கு உதவுமா என்று கேட்பார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது யாருக்கும் மறந்திருக்காது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே இருண்டது என்று அமைச்சர் சொன்ன 2025 பெப்ரவரி ஞாயிறும் உண்டு. அப்படியான நேரத்தில் ஸ்பீக்கரில் பெட்டரி இருக்கும், ஆனால் போன் கோபுரத்தின் பெட்டரி இறங்கினால் இன்டர்நெட் வானொலி நின்றுவிடும். எஃப்எம் உள்ள ஸ்பீக்கர் என்றால் பிழைத்துக்கொள்ளலாம். என்னுடையதில் இல்லை. அதனால் அப்பாவின் பழைய ரேடியோ இன்னும் பதவியில் இருக்கிறது.

வீட்டில் புளூடூத்தால் வரும் கூத்துத் தனி. ஸ்பீக்கர் தனக்குத் தெரிந்த போனைக் கண்டால் தானாகவே ஒட்டிக்கொள்ளும். அப்பா கேற்றைத் திறந்து உள்ளே வந்ததும், குசினியில் ஓடிய பாட்டு நின்று, அவர் பார்த்துக்கொண்டிருந்த அரசியல் விவாதம் வெங்காயம் அரியும் மேசையில் ஓடத் தொடங்கும். சிலவேளை அவருக்கு வரும் கோலும் எல்லோருக்கும் கேட்கும். அவருடைய போனில் ஸ்பீக்கரின் பெயரை மறக்கச் சொல்லிவிட்டேன், அப்புறம் பிரச்சினை இல்லை. விடிய ஐந்து மணிக்கு ஸ்பீக்கரைப் போட்டதும் ஒரு பெண்குரல் இங்கிலீஷில் "இணைந்துவிட்டது" என்று ஊரை எழுப்புவதற்குத்தான் இன்னும் மருந்து இல்லை. சில மொடல்களில் அதை நிறுத்தலாம், வாங்கும்போது கேளுங்கள்.

அம்மாவைப் பொறுத்தவரை புளூடூத்தே வேண்டாம். அவருக்கு வேண்டியது ஒரு மெமரி கார்ட், ஒரு பட்டன். பிராண்ட் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் கார்ட் போட இடம் வைப்பதில்லை; பெயர் தெரியாத மலிவுச் சாமான்கள் வைக்கின்றன. வயதானவர்களுக்கென்றே வாங்குவதானால் நான் யோசிக்காமல் அந்த மலிவையே எடுப்பேன். கார்ட் மட்டும் 32 ஜிபிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேற்பட்டவை வேறு ஃபார்மட்டில் வரும், மலிவு ஸ்பீக்கர்கள் பல அதை வாசிக்காது. பழைய டிவிக்கு இணைப்பதானால் வயர் செருகும் ஆக்ஸ் ஓட்டை வேண்டும், கோலுக்கு மைக் வேண்டும். இரண்டும் புதிய மொடல்களில் குறைந்துகொண்டே வருகின்றன. ஜேபிஎல் ஃபிளிப் 4இல் இருந்த இரண்டையும் ஃபிளிப் 5இல் எடுத்துவிட்டார்கள்.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு, அவரவர் சொல்லும் விவரத்தை வைத்து: கைக்குள் அடங்க வேண்டும் என்றால் ஜேபிஎல் கோ 3, 4.2 வாட், ஐபி67, 5 மணித்தியாலம். கோ 4இல் 7 மணித்தியாலம். வீட்டில் நாள் முழுக்கப் பேச வேண்டும் என்றால் ஆங்கர் சவுண்ட்கோர் 2, 12 வாட், 24 மணித்தியாலம், ஆனால் ஐபிஎக்ஸ்7. மணலுக்கும் வீட்டுக்கும் சேர்த்து என்றால் டிரிபிட் ஸ்டோர்ம்பாக்ஸ் மைக்ரோ 2, 10 வாட், ஐபி67, 12 மணித்தியாலம், சைக்கிள் ஹாண்டிலில் கட்டப் பின்னால் பட்டியும் உண்டு. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் இதே பெயர்களில் பாதி விலைக்கு ஏதாவது கண்ணில் பட்டால் பெட்டியின் எழுத்துக்கூட்டை ஒருதரம் வாசியுங்கள், சீரியல் இலக்கத்தைக் கம்பனித் தளத்தில் போட்டுப் பாருங்கள்.

என்னுடையதில் இப்போது பெட்டரி தளர்ந்துவிட்டது. முன்போல் நாள் முழுக்க இழுக்காது. டவுனில் போன் திருத்தும் தம்பியிடம் காட்டினேன். "மாத்தலாம் அண்ணா, செல் பெரிய விலை இல்ல. ஆனா இத பசை போட்டு ஒட்டியிருக்கு, திறந்தா பிறகு தண்ணிக்குத் தாங்காது" என்றார். குசினிக்கு ஐபி67 எதற்கு? மாற்றச் சொல்லிவிட்டேன். கடற்கரைக்கு வேறொன்று பார்க்க வேண்டும். அதற்கும் கடையில் செய்தியைத்தான் போடச் சொல்வேன்.