ஏற்காடு வரை வந்து குதிரையைப் பார்க்கும் சேலத்து கால்நடை மருத்துவர்

சவாரிக்கு விடும் எங்கள் குதிரைக்கு மூக்கில் ரத்தம் வந்ததும் இவரைத்தான் கூப்பிட்டோம், மலையேறி வருவதற்குள் போனிலேயே தலையைத் தூக்கிப் பிடிக்காதீங்க, மூக்கில் பஞ்சு அடைக்காதீங்க, குதிரைக்கு வாயால மூச்சுவிட வராது என்று நிதானமாகச் சொன்னார். அருமையான மனுஷன். ஒரு பக்கம் மட்டும் லேசாகக் கசிந்து 15 நிமிடத்துக்குள் நின்றால் பெரும்பாலும் சின்ன அடிதானாம். வேகமாக ஓடியபின் இரண்டு பக்கமும் வந்தால் நுரையீரலிலிருந்து வரலாம். சும்மா நிற்கும்போதே கொட்டினாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ தயவுசெய்து காத்திருக்காதீர்கள், தொண்டைக்கு மேலுள்ள காற்றுப்பையில் பூஞ்சை பிடித்து பெரிய ரத்தக்குழாயை அரித்திருந்தால் உயிரே போய்விடும். மூக்கு வழியாக உள்ளே விட்டுப் பார்க்கும் கேமரா குழாயான எண்டோஸ்கோப் அவரிடம் இல்லை, அது ஒரு குறைதான். மலைக்கு வர பயணச் செலவு தனி, ஆனால் நியாயமாகத்தான் வாங்குகிறார்.