கண்ணை நம்பலாமா? மாயைப் பட அட்டைகள் எப்படி இருக்கின்றன

கொடுத்த காசுக்கு ஒரு அட்டையே போதும்: 1995-இல் பார்வை ஆய்வாளர் எட்வர்ட் ஏடல்சன் உருவாக்கிய சதுரங்கக் கட்டப் படம். பலகைமேல் நிற்கும் ஒரு உருளையின் நிழலுக்குள் இருக்கும் கட்டம் வெளுப்பாகவும், வெளியே இருப்பது கருப்பாகவும் தெரியும், ஆனால் கூடவே வரும் துளையிட்ட தாளை மேலே வைத்தால் இரண்டும் அச்சு அசலாக ஒரே சாம்பல் நிறம். தாளை எடுத்ததும் மறுபடியும் வேறு வேறு! உண்மை தெரிந்த பிறகும் கண் கேட்கவே மாட்டேன் என்கிறது.

அதற்காகக் கண் பொய் சொல்கிறது என்று கையேட்டில் எழுதியிருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிழலைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தைச் சொல்வதுதான் மூளையின் வேலை, வெளிச்சத்தை அளந்து சொல்வது அல்ல. கண்ணுக்குள் பார்வையே இல்லாத இடமான குருட்டுப் புள்ளியைக் காட்டும் அட்டையும் பரவாயில்லை. அப்புறம், தாள் ரொம்ப மெலிசு, ஓரம் சீக்கிரம் மடங்கிவிடுகிறது.