போடாத ஸ்டேப்லருக்கு 38,500 ரூபாயா? அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்குப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

கை இன்னும் நடுங்குது. 1,42,000 ரூபாய். வீட்டுல சங்கிலியை அடகு வெச்சுக் கட்டின காசு.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பையனுக்கு வயித்து வலி. முதல்ல தொப்புளைச் சுத்தி இருந்தது, விடியறதுக்குள்ள வலது அடிவயித்துக்கு இறங்கிடுச்சு. ரெண்டு தடவை வாந்தி. மதுரையில ஒரு நாலு மாடித் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ஸ்கேன்ல குடல்வால் (அதான் அப்பெண்டிக்ஸ்) தெளிவாத் தெரியல, ரத்தத்துல வெள்ளையணு கூடியிருக்கு, அப்பெண்டிசைட்டிஸாத்தான் இருக்கும்னாங்க.

சர்ஜன் என் தோள்ல கை வெச்சார். "அண்ணே, நம்ம வீட்டுப் பையன் மாதிரி பாத்துக்கிறேன். மூணு சின்னத் துளைதான். பேக்கேஜ் 65,000. நாளன்னிக்கு வீட்டுக்குப் போயிடலாம்." அந்த 'அண்ணே'யை நம்பிட்டேன். குடல்வால் வெடிச்சா உயிருக்கே ஆபத்துன்னு கேட்டப்புறம், தொகையை எழுதிக் குடுங்கன்னு எந்த அப்பனுக்குக் கேக்கத் தோணும்? நீட்டின தாள்ல எல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு பில் 1,42,000. கன்ஸ்யூமபிள்ஸ், அதாவது ஆபரேஷன்ல உபயோகிச்சுத் தூக்கிப் போடுற சாமானெல்லாம், பேக்கேஜ்ல சேராதாம். அதுல குடல்வால் அடியைப் பின் அடிச்சு மூடுற ஸ்டேப்லர் மட்டும் 38,500. பணம் கட்டுற வரைக்கும் பையன் கையில இருந்த ஊசியைக்கூடக் கழட்டல.

வீட்டுக்கு வந்தப்புறம் நர்சிங் படிக்கிற மச்சான் மக டிஸ்சார்ஜ் சம்மரியைப் படிச்சா. "மாமா, குடல்வால் அடியை எண்டோலூப் சுருக்கு நூல் போட்டுக் கட்டி வெட்டினதாத்தான் இருக்கு. ஸ்டேப்லர் பேச்சே இல்லையே"ன்னா. எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு.

அடுத்த நாளே போனேன். பில்லிங்ல கேட்டா தியேட்டர்ல கேளுங்கன்னாங்க. தியேட்டர்ல கேட்டா டாக்டரைப் பாருங்கன்னாங்க. டாக்டர் ஆபரேஷன்ல இருக்காராம், மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன். கடைசியா மேனேஜர் வந்து, "பையன் நல்லாத்தானே இருக்கான், அப்புறம் என்ன சார்?"னார். அன்னிக்கு அண்ணே, இன்னிக்கு சார். வெட்டி எடுத்ததை லேப்ல சோதிக்கிற பயாப்ஸிக்கும் தனியாக் காசு வாங்கினாங்க, ரிப்போர்ட் இன்னும் கைக்கு வரல. வெட்டினது சீழ்பிடிச்ச குடல்வாலா, நல்ல குடல்வாலான்னுகூட எனக்குத் தெரியாது!

ஆபரேஷனே தப்புன்னு சொல்லல. பையன் இட்லி சாப்பிடறான், அது போதும். ஆனா 1,42,000!

எஸ்டிமேட்டைத் தாள்ல வாங்குங்க, கன்ஸ்யூமபிள்ஸ் உள்ளடக்கமான்னு எழுதச் சொல்லுங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமான்னு அட்மிஷனுக்கு முன்னாடியே கேளுங்க. பில்லையும் சம்மரியையும் ஒண்ணா வெச்சுப் பாருங்க. கேஸ் ஷீட், அதாவது ஆஸ்பத்திரி எழுதி வெச்ச சிகிச்சைக் குறிப்பு, கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும்னு விதி இருக்கு. நாளைக்குக் காலையில எழுதிக் குடுக்கப் போறேன். குடுக்கலைன்னா நேரா நுகர்வோர் கோர்ட்டுதான்.