ஆமைக் கரையா, குட்டிப் பண்ணையா, பவளப்பாறையா: மாணவர்களை எங்கே அழைத்துப் போவது?

வெளிநாட்டில் காட்டுயிர்ப் பாதுகாப்புப் பணி என்று பள்ளிகளிடம் வந்து சேரும் பயணத் திட்டங்களை வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவை மூன்று வகைக்குள் அடங்கிவிடும். கடலாமைகள் முட்டையிடும் கரையில் இரவு ரோந்து. தாயை இழந்த குட்டிகளையோ மீட்கப்பட்ட விலங்குகளையோ பராமரிக்கும் மையம். பவளப்பாறையில் நீருக்கடியில் கணக்கெடுப்பு. எங்கள் மாணவர்களுக்காக நான் கைகாட்டியது முதலாவதை. இடம், கோஸ்ட்டா ரிக்காவின் கரீபியக் கரையில் உள்ள டோர்ட்டுகேரோ. ஆகவே இதில் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

விசா, தடுப்பூசி, காப்பீடு, பெற்றோர் ஒப்புதல் எல்லாம் எங்கே போனாலும் உண்டு. செலவுக் கணக்கும் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் காட்டவில்லை; விமான டிக்கெட்தான் முதலில் விழுங்குகிறது. முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி. மாணவர்கள் வராத மாதங்களில் அங்கே என்ன நடக்கிறது?

இந்தக் கேள்வியை இரண்டாவது வகையில் வரும் சிங்கக்குட்டிப் பண்ணையிடம் கேட்டுப் பாருங்கள். மாணவர்களைக் கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் சிங்கக்குட்டிக்குத்தான் கை தூக்குவார்கள். பால் புட்டியோடு குட்டியை மடியில் வைத்திருக்கும் படம் யாரைத்தான் இழுக்காது? ஆனால் காட்டில் சிங்கக்குட்டி ஒன்றரை, இரண்டு வயதுவரை தாயை அண்டியே வளரும். பண்ணையில் பிறந்த சில நாட்களிலேயே பிரித்துவிடுகிறார்கள். ‘தாய் ஒதுக்கிவிட்டது’ என்பார்கள். குட்டி பிரிந்தால் தாய் சீக்கிரம் அடுத்த ஈற்றுக்குத் தயாராகிவிடும் என்பதுதான் அதற்குள் இருக்கும் கணக்கு. சில மாதங்களில் அந்தக் குட்டி மடியில் அடங்காது. மனிதக் கையில் வளர்ந்ததால் அதைக் காட்டுக்குள்ளும் விட முடியாது. அப்புறம்? தென்னாப்பிரிக்காவில் இதற்கான விடை பல ஆண்டுகளாகவே தெரிந்ததுதான்: வேலிக்குள் விட்டுச் சுடும் வேட்டை, எலும்பு வியாபாரம். 2017இல் மட்டும் 800 சிங்க எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய அந்நாட்டு அரசே அனுமதி தந்தது. 2021 மே மாதம் அதே அரசு, சிங்கங்களை அடைத்து வளர்ப்பதையும் குட்டிகளோடு கொஞ்ச விடுவதையும் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. அறிவிப்பு வந்துவிட்டதால் பண்ணைகள் மூடிவிட்டன என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு பயண ஏற்பாட்டாளருக்கு மின்னஞ்சல் போட்டேன்: ‘போன வருடம் மாணவர்கள் பால் கொடுத்த குட்டிகள் இப்போது எங்கே இருக்கின்றன?’ பதிலாக வந்தது முன்பதிவுத் தள்ளுபடி அட்டவணை. நான் கேட்டதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. எந்த மாதம் போனாலும் மடியில் வைக்கும் அளவில் ஒரு குட்டி தயாராக இருக்கிறதென்றால், அந்த இடம் விலங்குகளை மீட்கவில்லை, உற்பத்தி செய்கிறது.

எல்லா மையங்களையும் இந்தக் கூடையில் போடுவது நியாயமில்லை. மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள செபிலோக், 1964 முதல் தாயற்ற ஒராங்குட்டான்களைக் காட்டுக்குத் திருப்பி அனுப்பும் வேலையில் இருக்கிறது. ஒராங்குட்டான் குட்டி ஏழெட்டு ஆண்டுகள் தாயோடு இருந்துதான் எதைத் தின்பது, எப்படிக் கூடு கட்டுவது என்று கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தை மனிதர் நடத்த வேண்டுமென்றால் வருடக்கணக்கில் ஒரே முகம் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாறும் மாணவ முகங்கள் அந்தக் குட்டிக்குக் கெடுதல்தான். நம்முடைய சாதாரண சளியே குரங்கினங்களுக்குக் கடும் நோயாகலாம். மனிதக் குரங்குகளைப் பார்க்கப் போகிறவர்கள் குறைந்தது 7 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் 2010இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. ஆக, நல்ல மையத்துக்குப் போனால் உங்கள் மாணவர்கள் பழம் நறுக்குவார்கள், கூண்டு கழுவுவார்கள், பாதை சீர்செய்வார்கள். “மிஸ், அப்போ தொடவே விட மாட்டாங்களா?” என்று கேட்ட பெண்ணிடம், தொட விடாத இடமாகப் பார்த்துத்தான் போக வேண்டும் என்றேன். அவளுக்கு ஏமாற்றம். மறைத்துக் கூட்டிப் போவதைவிட அது பரவாயில்லை.

டோர்ட்டுகேரோவுக்கு வருகிறேன். ஆர்ச்சி கார் என்ற விலங்கியலாளர் 1950களில் அங்கே ஆமை ஆய்வைத் தொடங்கினார். அந்த வேலையைத் தொடர 1959இல் ஓர் அமைப்பு உருவானது. 1975இல் அந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆனது. கரை சுமார் 35 கிலோமீட்டர் நீளம். பருவம் வந்தால் ரோந்து கிளம்பிவிடும். நம் மாணவர்கள் இருந்தால் கூடுதலாக நாலு கால்கள், இல்லாவிட்டாலும் கிளம்பும். சாலை வழியே அங்கே போக முடியாது, படகு அல்லது சிறு விமானம்தான். அதற்கே ஒரு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வேலை என்னவென்றால் நடப்பது. அடர்நிற உடை, சிவப்பு விளக்கு, கைபேசி அறையிலேயே. பேராமை (பச்சைக் கடலாமை) கரையேறி, பின்துடுப்பை உள்ளங்கைபோல் குவித்து, இடது ஒரு வீச்சு வலது ஒரு வீச்சு என்று மாறிமாறி மணலை அள்ளிக் குழி தோண்டும். அதுவரை யாரும் அசையக் கூடாது. முட்டை விழத் தொடங்கிய பிறகு அது எளிதில் மிரளாது. அப்போதுதான் ஒருவர் பின்னால் படுத்து எண்ணுவார். நூறை ஒட்டி வரும். முட்டையிட்டு முடித்ததும் துடுப்பில் டேக் (எண் பொறித்த சிறு அடையாளப் பட்டை) இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, எண்ணை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வார். ஓட்டின் நீளத்தை அளப்பார்கள். குழியை மூடும்போது ஆமை வாரியடிக்கும் மணல், எழுதுகிறவர் முகத்தில்தான் வந்து விழும்.

அந்த எண்தான் எனக்கு முக்கியம். பச்சைக் கடலாமை பருவமெய்தவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒருமுறை முட்டையிட்ட பெண் ஆமை மறுபடி வர இரண்டு, மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட உயிரைப் பற்றி இரண்டு வாரத்தில் யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. முன்பு யாரோ மாட்டிய டேக்கை இன்று நம் மாணவர் படிக்கிறார். இன்று மாட்டுவதை இன்னும் சில ஆண்டுகள் கழித்து வேறொருவர் படிப்பார். 2025 அக்டோபரில் ஐயுசிஎன் பச்சைக் கடலாமையை ‘அழியும் அபாயத்தில் உள்ளவை’ என்ற வகையிலிருந்து ‘கவலை குறைந்தவை’ என்ற வகைக்கு மாற்றியது. பல நாட்டுக் கரைகளில் பத்தாண்டுக் கணக்கில் இப்படி எண்ணி வைத்திருக்காவிட்டால் அப்படி ஒரு முடிவை எடுத்திருக்கவே முடியாது.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை மடக்கினார்: “நாம போகலைன்னாலும் ரோந்து நடக்கும்னா, எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்?” சரியான கேள்வி. நாம் கட்டும் பணம் நிரந்தர ஊழியர் சம்பளத்துக்கும் உதவுகிறது, ஆள் கூடினால் கரையில் கூடுதல் தூரம் கண்காணிக்கலாம் என்றேன். அதற்குமேல் பெரிதாக உரிமை கொண்டாட முடியாது என்பதையும் சொன்னேன். நாம் போவதால்தான் ஒரு வேலையே நடக்கிறது என்றால் எனக்குச் சந்தேகம் வரும். குட்டிப் பண்ணை நடப்பது அப்படித்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு ஆமைகூடக் கண்ணில் படாமல் நள்ளிரவுவரை மழையில் நடந்து திரும்பும் இரவுகள் உண்டு. ஏறி வந்து, முட்டையிடாமலே திரும்பிப்போன தடங்களை எண்ணுவதும் வேலைதான். பதினாறு வயதுப் பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பேராமைப் பருவம் ஏறத்தாழ ஜூலை முதல் அக்டோபர் வரை. உங்கள் விடுமுறை ஏப்ரல், மே என்றால் ஏழுவரி ஆமைதான் (லெதர்பேக்) வரும், அதுவும் எண்ணிக்கையில் மிகக் குறைவு. தேதி பொருந்தாவிட்டால் வேறு கரை பார்ப்பது நல்லது.

பவளப்பாறைக்கு மாணவர்களை நான் அழைத்துப் போனதில்லை. அழைத்துப் போன சக ஆசிரியர்கள் சொன்னதையும் படித்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன். என் கேள்வியில் இது தேறிவிடுகிறது. ரீஃப் செக் போன்ற முறைகள் 1990களிலிருந்து புழக்கத்தில் உள்ளன. 100 மீட்டர் அளவுநாடாவைப் பாறையில் விரித்து, குறிப்பிட்ட மீன்களையும் பவள வகைகளையும் எண்ணி, அதே இடத்தில் மறுபடி மறுபடி செய்கிறார்கள். சிக்கல் நேரம்தான். ஸ்கூபா தெரியாதவர்களுக்கு முதல் சில நாட்கள் பயிற்சியிலும் மீன் பெயர் மனப்பாடத்திலும் போய்விடும். பலமுறை மூழ்கிய பிறகு விமானம் ஏற 18 மணிநேரமாவது காத்திருக்க வேண்டும் என்பதால் கடைசி நாளும் கழிந்துவிடும். சான்றிதழ்ப் பயிற்சியும் கருவி வாடகையும் சேர்ந்தால் செலவு ஏறும். காது அடைப்பு, சைனஸ் உள்ளவர்களுக்கு மருத்துவர் மறுத்துவிடலாம்.

முன்பே சான்றிதழ் எடுத்த, நன்றாக நீந்தும் மூத்த மாணவர்கள் ஒரு குழு அளவுக்குச் சேர்ந்தால் பவளப்பாறை என் பட்டியலிலும் மேலே ஏறும். கலவையான குழுவுக்கு இப்போதைக்கு ஆமைக் கரைதான். வயது வரம்பை மட்டும் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பகலில் முட்டைக்குழி சோதிக்க விடும் வயதும் இரவு ரோந்துக்கு அனுமதிக்கும் வயதும் சில இடங்களில் வேறுவேறு.