செஞ்சிக் கோட்டை: ஒரு நாள் முழுதும் ஒதுக்கிப் போங்கள்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற வழியில் செஞ்சியைப் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுக் கடந்து போகிறவர்கள்தான் அதிகம், அது பெரிய இழப்பு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை இது. 1677இல் சிவாஜி பிடித்தார், அப்புறம் அவர் மகன் ராஜாராம் இங்கே இருந்துகொண்டு 1698 வரை முகலாயர் முற்றுகையைத் தாக்குப்பிடித்தார். ராஜகிரி ஏறினால்தான் அப்படித் தாக்குப்பிடிக்க எப்படி முடிந்தது என்று புரியும். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து ஆழமான பள்ளம், அதைத் தாண்ட ஒரு சின்னப் பாலம், அவ்வளவுதான் வழி. அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் எத்தனை பெரிய படையும் அங்கேயே நிற்க வேண்டியதுதான்!

காலையிலேயே ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். தண்ணீர் கட்டாயம், ஆனால் கையில் பையைத் தொங்கவிட்டுப் போகாதீர்கள், குரங்குகள் பிடுங்கிவிடும். முட்டி வலி உள்ளவர்கள் கீழேயே கல்யாண மகால், நெற்களஞ்சியம், வேங்கடரமணர் கோயில் பார்க்கலாம், அதுவே அரை நாள் பிடிக்கும்.

நேரம் இருந்தால் செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிற சமணக் குன்றான திருநாதர்குன்றையும் விடாதீர்கள். ஒரே பாறையில் சமணர்கள் வணங்கும் 24 தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள், இரண்டு வரிசையாக. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சமணத் துறவி சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் அங்கேதான். கோட்டைக் கூட்டத்தில் பாதிப் பேராவது இங்கே வர வேண்டும்.