வாசலில் நன்று, தெருமுனையில் சறுக்கல்: எங்கள் வார்டின் துப்புரவு, சுகாதாரப் பணிகள்

சொத்து வரியோடு திடக்கழிவு மேலாண்மைக் கட்டணம் என்று ஒரு தொகையையும் சேர்த்தே கட்டுகிறோம். கடையில் வாங்கிய மிக்ஸிக்கும் சாப்பிட்டு வந்த ஓட்டலுக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதுகிற நாம், அன்றாடம் பயன்படுத்தும் இந்தச் சேவையைப் பற்றி எழுதுவதில்லை. வண்டி வராத நாளில் திட்டுவதோடு சரி. வடதமிழ்நாட்டின் மாநகராட்சி ஒன்றில், பழைய ஓட்டு வீடுகளும் புதிய அடுக்குமாடிகளும் கலந்த ஒரு வார்டில் நெடுங்காலமாகக் குடியிருக்கிறேன். ஊரின் பெயரையும் ஒப்பந்த நிறுவனத்தின் பெயரையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். என் கருத்து இதுதான்: இங்கே ஆள் செய்யும் வேலை நன்றாகவே இருக்கிறது, ஒருவர் செய்த வேலை அடுத்தவர் கைக்கு மாறும் இடங்களில்தான் கெடுகிறது.

முதலில் வீடு தேடி வரும் குப்பை வண்டி. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் தீங்கான கழிவு என மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லின. எங்கள் தெருவுக்கு வரும் பேட்டரி வண்டியில் அதற்கான கூடைகள் இருக்கின்றன. காலையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில், பெரும்பாலும் ஒரே பணியாளர் வருகிறார். இந்த 'ஒரே பணியாளர்' என்பதற்கு நான் தனி மதிப்பெண் தருவேன். எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருக்கிறார், யார் உடைந்த கண்ணாடியைச் சோற்றுக் கழிவோடு போடுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மூதாட்டி டயப்பரைக் காய்கறித் தோலோடு கலந்து கொடுத்தபோது அவர் சண்டை போடவில்லை. "பாட்டிம்மா, இதை மட்டும் பேப்பர்ல சுத்தி, மேல சிவப்பா ஒரு கோடு போட்டுக் குடுத்துடுங்க. கையை விட்டுப் பிரிக்கிறவ நான்தானே" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பொட்டலம் தனியாக வருகிறது. பரப்புரையாளர்கள் துண்டறிக்கை கொடுத்து மாதக்கணக்கில் சொன்னதை விட இந்த ஒரு வாக்கியம் அதிகம் சாதித்தது.

ஆனால் வண்டி தெருமுனையைத் தாண்டியதும் நிலைமை வேறு. மக்கும் குப்பை சிறு வாகனத்தில் நுண் உரம் தயாரிக்கும் மையத்துக்கும், மக்காதது தரம் பிரிக்கும் கூடத்துக்கும், எஞ்சியது மட்டும் குப்பையை அழுத்தி ஏற்றும் காம்பாக்டர் லாரிக்கும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. சிறு வாகனம் பழுதாகி நிற்கும் நாளிலும், லாரி முன்கூட்டியே வந்துவிடும் நாளிலும், இரண்டு கூடைகளும் ஒரே லாரியின் வயிற்றுக்குள் கவிழ்கின்றன. காம்பாக்டருக்குள் தடுப்பு கிடையாது. அழுத்தியபின் காகிதம் நனைந்து பழைய பேப்பர் கடைக்குக்கூட உதவாமல் போகிறது. காலையில் வாசலில் பிரித்துக் கொடுத்தவர் கடைக்குப் போகும் வழியில் இதைப் பார்த்துவிட்டால், மறுநாள் பிரிப்பாரா? எங்கள் தெருவில் சிலர் நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இது ஓட்டுநரின் சோம்பல் என்று நினைப்பது எளிது. அள்ளிய எடைக்குப் பணம் என்று ஒப்பந்தம் எழுதப்பட்டால், ஈரமான கலவைக் குப்பைதான் ஒப்பந்ததாரருக்கு லாபம். பிரித்து உரமாக்கிய கிலோ ஒவ்வொன்றும் அவருக்கு இழப்பு. சென்னையில் 2020இல் தொடங்கிய ஒப்பந்தத்தில் எடையை விட்டுவிட்டுச் செயல்திறன் அளவீடுகளின்படி பணம் தரும் முறையைக் கொண்டுவந்ததற்குக் காரணம் இதுதான். கலந்து கொட்டியதன் விலையையும் சென்னையே காட்டுகிறது: பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல பத்தாண்டுகளாகக் குவிந்ததை இப்போது பயோமைனிங் என்ற பெயரில் தோண்டி, சலித்து, மண்ணையும் பிளாஸ்டிக்கையும் கல்லையும் பிரித்தெடுக்கிறார்கள். வீட்டு வாசலில் இரண்டு கூடைகளில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பெரும் இயந்திரங்களை வைத்து மக்கள் பணத்தில் மறுபடி நடக்கிறது.

எங்கள் நுண் உர மையத்துக்கு நான் போய்ப் பார்த்திருக்கிறேன்; யார் வேண்டுமானாலும் அனுமதி கேட்டுப் போகலாம், போகவும் வேண்டும். காற்றுப் போக இடைவெளி விட்டுக் கட்டிய செங்கல் தொட்டிகளில் அரைத்த காய்கறிக் கழிவைப் பரப்பி, நுண்ணுயிர்க் கரைசலைத் தெளித்து, அவ்வப்போது புரட்டிவிடுகிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் அது கறுத்து உதிரியாகிறது. நல்ல மையத்தில் மழைக்குப் பிந்தைய மண்வாசனைதான் வர வேண்டும், புளித்த வாடை வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். இங்கே இரண்டும் வந்தன. இறுதியாகச் சலிக்கும் இடத்தில் சல்லடையில் தங்கியதைப் பார்த்தபோதுதான் திகைத்தேன்: பெரும்பகுதி, பால் பாக்கெட்டைத் திறக்க நாம் கத்தரித்துப் போடும் அந்த முக்கோண நுனி. பாக்கெட்டைக் கழுவி மக்காத கூடையில் போடுபவர்கூட நுனியைத் தேயிலைச் சக்கையோடு போட்டுவிடுகிறார். நுனியை முழுதாக வெட்டி எடுக்காமல் ஒட்டியபடியே விட்டால் போதும். இதை எந்தத் துண்டறிக்கையிலும் நான் கண்டதில்லை.

அடுத்தது டெங்கு தடுப்புப் பணி. இந்த வார்டில் எனக்கு மிகுந்த மனநிறைவு தருவதும், பெரும்பாலானோர் தொல்லையாக எண்ணுவதும் இதுதான். ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த நீரில் வளர்கிறது. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலமே போதும். அதனால்தான் வாரம் ஒருமுறை பார்வை என்ற கணக்கு. எங்கள் பகுதிக்கு வரும் பெண் பணியாளர் டார்ச்சோடு நேரே கொல்லைப்புறம் போவார். பயன்பாட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆட்டுக்கல்லின் குழி, ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள தண்ணீர்த் தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் டயர், சம்ப் மூடியின் ஓரம் என்று அவர் பார்க்கும் வரிசை எனக்கே மனப்பாடம். கொட்டக்கூடியதைக் கொட்டச் செய்து, கொட்ட முடியாத தொட்டியில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்றி, கதவருகே ஒட்டிய அட்டையில் தேதியும் கையொப்பமும் இட்டுப் போவார். உலர்ந்த தொட்டியின் சுவரில் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, நார் வைத்துத் தேய்க்க வேண்டும் என்று சொல்லித் தந்ததும் அவர்தான்.

மக்கள் கேட்பதோ புகை மருந்து. அந்தி நேரத்தில் புகை வண்டி வந்தால்தான் மாநகராட்சி வேலை செய்கிறது என்று நம்புகிறார்கள். கவுன்சிலரும் அதையே அனுப்புகிறார். புகை பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும், புழுவைத் தொடாது. பகலில் கடிக்கும் ஏடிஸ் அந்த நேரம் வீட்டுக்குள் துணிகளின் மறைவில் ஒதுங்கியிருக்கும். காய்ச்சல் கண்ட தெருவில் அதற்கு இடம் உண்டு. வாராவாரச் சடங்காக அடிப்பது காட்சிக்குத்தான்.

இங்கேயும் பழுது கைமாறும் இடத்தில்தான். பூட்டிய வீடு, கட்டி முடியாத அடுக்குமாடியின் லிஃப்ட் குழி ஆகிய இரண்டுமே அந்தப் பணியாளரின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை. அவர் எழுதிக் கொடுப்பதைச் சுகாதார ஆய்வாளர் நோட்டீஸாக்கி அனுப்ப வேண்டும்; 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்குப் போதிய அதிகாரத்தை அப்போதே தந்துவிட்டது. ஆனால் நோட்டீஸ் போகும்போது மழைக்காலம் பாதி கடந்துவிடுகிறது. மருத்துவமனையிலிருந்து வரும் டெங்குத் தகவலிலும் இதே சிக்கல்: வாடகைக்குக் குடியிருப்பவர் ஆதாரில் உள்ள சொந்த ஊர் முகவரியைக் கொடுத்துவிட்டால், மருந்தடிக்கும் குழு நோயாளி வசிக்காத தெருவுக்குப் போகிறது. காய்ச்சலுக்குச் சேரும்போது தற்போதைய முகவரியைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

குடிநீரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் பார்த்துக் குறித்துச் செல்கிறார்கள், மேட்டுத் தெருக்களில் மட்டும் நிறம் வெளிறிவிடுகிறது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைத் தடுப்பூசி தவறியதில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன; இரண்டுக்கும் முழு மதிப்பெண்.

மழைநீர் வடிகால் தூர்வாரும் பணிக்கு அப்படித் தர முடியாது. எடுத்த சேற்றை ஈரம் வடிய ஓரத்திலேயே குவிப்பது முறைதான். அள்ளும் வண்டி வேறு பிரிவினுடையது, அது வருவதற்குள் ஒரு மழை பெய்து எல்லாம் மறுபடி உள்ளே போய்விடுகிறது. இதைப் புகார் செய்தால், தூர்வாரிய பிரிவு தன் வேலை முடிந்தது என்று சொல்வதால் புகாரும் 'தீர்க்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தியோடு மூடப்படுகிறது. அடுத்த பிரிவு அந்த இடத்தைப் படம் எடுத்துப் பதிவேற்றிய பின்புதான் புகாரை மூட முடியும் என்று செயலியில் ஒரு தடை வைத்தால், பாதிக் குறை நீங்கும்.

பணியாளர்களின் நிலையையும் சேவையின் தரத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகைமுன் தூய்மைப் பணியாளர்கள் போராடியது இரு மண்டலங்களின் பணி தனியார் கைக்குப் போவதை எதிர்த்து. கூலியும் பணி நிலைப்பும்தான் அவர்களுடைய கேள்வி. குடியிருப்பவருக்கும் அதில் பங்கு உண்டு. ஒப்பந்தம் மாறி ஆள் மாறினால், எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்த அந்தக் கண்ணும் போய்விடும்; புதிதாக வருபவர் அதைக் கற்க ஒரு மழைக்காலம் ஆகும். எங்கள் பணியாளர் மழையில் கையுறை இல்லாமல் வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தப்படி அவருக்கு அது கிடைத்திருக்க வேண்டும்.

புதிதாகக் குடிவருபவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளலாம். பாதாளச் சாக்கடை எங்கள் வார்டின் பாதித் தெருக்களுக்கு இன்னும் வரவில்லை, செப்டிக் டேங்க்தான். அது நிரம்பி வழியும்வரை காத்திருந்து, சுவரில் எழுதியிருக்கும் ஏதோ ஒரு கைபேசி எண்ணை அழைப்பதை விட, 14420 என்ற உதவி எண்ணில் உரிமம் பெற்ற வண்டியைக் கேளுங்கள். ஆளை உள்ளே இறக்க யாராவது முன்வந்தால் அனுமதிக்காதீர்கள்; பாதுகாப்புக் கருவிகளும் முன்னேற்பாடுகளும் இல்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். பணம் கொடுக்கும் முன் வண்டி எங்கே கொண்டுபோய்க் கொட்டப்போகிறது என்று கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் ரசீதைக் காட்டத் தயங்குகிறவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.